வெற்றுக் குழாய் எனும் மலிவு வைத்தியம்

நமது நாட்டில் கார்கள் ஓய்வுபெறுவதில்லை. ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடியபின் உரிமையாளர் சலித்துக் கழித்துவிட்ட வண்டி, கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, அங்கே பத்தாண்டுகள் உழைத்து, பின்னர் கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ வந்து மூன்றாவது வாழ்க்கையைத் தொடங்குகின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட அந்த ஐந்தாண்டுகளில் இருபது வயதுக் கார்களின் விலை இறங்குவதற்குப் பதிலாக ஏறியது. உலகில் வேறெங்கும் இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டிய வண்டிகளை நாம் வைரம் போலப் பாதுகாத்தோம். பாதுகாத்தோம் என்றுதான் எண்ணிக்கொண்டோம். ஆனால், அவற்றின் வயிற்றுக்கடியில் ஓர் உறுப்பு ஓசையின்றிச் செத்துக்கொண்டிருந்ததைப் பலர் கவனிக்கவில்லை.

கெட்டலிட்டிக் கொன்வேட்டர் என்று கராஜ்காரர்கள் சொல்லும் உறுப்பைப் பற்றியே எழுதுகின்றேன். தமிழகத்தில் இதை வினையூக்கி மாற்றி என்பர். இலங்கைப் பாடநூல்களில் ஊக்கி என்றே படித்தோம். பெயர் எதுவாயினும், வேலை ஒன்றுதான். என்ஜினிலிருந்து வெளிவரும் புகையில் மூன்று நச்சுக்கள் உள்ளன. காபனோரொட்சைட்டு, எரியாத ஐதரோகாபன்கள், நைதரசன் ஒட்சைட்டுகள் என்பன அவை. தேன்கூடு போன்ற நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டியொன்றின் ஊடாகப் புகை செல்லும்போது, அதன் சுவர்களில் பூசப்பட்டுள்ள பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் இந்த மூன்றையும் காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் நைதரசனாகவும் மாற்றிவிடுகின்றன. உலோகம் தேய்வதில்லை, செலவழிவதுமில்லை. அது சூடேறினால் போதும். ஏறத்தாழ 250 அல்லது 300 பாகை செல்சியசைத் தாண்டியதும் வேலையைத் தொடங்கிவிடும்.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவருக்கு அண்மையில் இதனால் ஒரு நெருக்கடி வந்தது. 2001ஆம் ஆண்டு ஜப்பானில் செய்யப்பட்ட கார் அவருடையது. மனைவியை வைத்தியசாலைக்கும் பிள்ளைகளைப் பாடசாலைக்கும் ஏற்றிச்செல்வது அதுதான். சில மாதங்களாக வண்டி இழுக்கவில்லை. மேட்டில் மூச்சு வாங்கியது. நின்றபின் அடியில் ஏதோ கிலுங்கியது. கராஜில் அவருக்குக் கிடைத்த தீர்ப்பு ஒரே வரியில் இருந்தது. "சேர், இத வெட்டி எடுத்துட்டு ஒரு பைப்ப வெச்சி வெல்டிங் பண்ணித் தாறன். பழசுக்கு ஆள் இருக்கு, உங்களுக்குக் கையில காசும் வரும்."

அவர் என்னிடம் வந்து, "காக்கா, செலவு செய்யாம வேல முடியிதெண்டா அதுல என்ன பிழ இருக்கி?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. மாதச் சம்பளத்தில் வாழும் ஒருவரிடம் ஒருபுறம் பல மாதச் சம்பளத்தை விழுங்கும் புதிய பாகத்தையும், மறுபுறம் பணம் கொடுக்கும் வெற்றுக் குழாயையும் வைத்தால், அவர் எதனைத் தெரிவு செய்வார் என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆயினும், அந்தத் தெரிவு பிழையானது என்பதே என் நிலைப்பாடு. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

முதலில், வெட்டியெறிந்தால் பெற்றோல் மிச்சமாகும், வண்டி பறக்கும் என்ற பரவலான நம்பிக்கையைப் பார்ப்போம். இது பாதி உண்மையிலிருந்து பிறந்த முழுப் பொய். உருகி அடைத்துக்கொண்ட கொன்வேட்டரைக் கழற்றினால் வண்டி பாய்வது உண்மையே. மூக்கடைத்தவனுக்கு மூக்கைத் திறந்துவிட்டது போன்றது அது. அதே பாய்ச்சலை அடைப்பில்லாத ஒரு நல்ல கொன்வேட்டரும் தந்துவிடும். எவ்வளவு பெற்றோலைத் தெளிப்பது என்பதை என்ஜினின் கணினி கொன்வேட்டருக்கு முன்னாலுள்ள ஒட்சிசன் உணரியைப் பார்த்தே தீர்மானிக்கின்றது. அதற்குப் பின்னால் தேன்கூடு இருக்கின்றதா, வெறுங்குழாய் இருக்கின்றதா என்பதைப் பொறுத்து அந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

இரண்டாவது, பழைய பாகத்தைப் பணம் கொடுத்து வாங்குகின்றவர் தர்மத்துக்கு வாங்கவில்லை. அந்தப் பீங்கானில் இருக்கும் சில கிராம் உலோகத்தின் கதை விசித்திரமானது. 2016இல் ஓர் அவுன்சு ரோடியம் ஆயிரம் டொலரைக்கூட எட்டவில்லை. 2021இல் அது ஏறத்தாழ 29,000 டொலர் வரை ஏறியது. ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்த பின்னர், 2022 மார்ச்சில் பலேடியம் 3,000 டொலரைத் தாண்டியது. உலகின் பலேடியச் சுரங்கங்களில் பெரும் பங்கு ரஷ்யாவிலும் தென்னாபிரிக்காவிலுமே உள்ளது. விலை பின்னர் பெருமளவு இறங்கிவிட்டது என்பது வேறு விடயம். ஆனால், அந்த ஆண்டுகளில் இலண்டனிலும் கலிபோர்னியாவிலும் இரவில் நிறுத்தியிருந்த கார்களுக்கு அடியில் படுத்து, இரண்டு நிமிடத்தில் கொன்வேட்டரை அறுத்துக்கொண்டு ஓடும் கூட்டங்கள் உருவாகின. ஹைபிரிட் கார்களே, அதிலும் பிரியஸ் வண்டிகளே, அதிகம் குறிவைக்கப்பட்டன. என்ஜின் விட்டுவிட்டு ஓடுவதால் அவற்றின் கொன்வேட்டர் குறைவாகவே களைத்திருக்கும் என்பதும், அதில் உலோகம் கூடுதலாக இருக்கும் என்பதும் திருடனுக்கும் தெரிந்திருந்தது. அங்கே திருடன் அறுத்துக்கொண்டு போவதை இங்கே உரிமையாளரே அறுத்துக் கொடுக்கின்றார். வாங்கிய சில ஆயிரத்தை இலாபமென்றும் எண்ணுகின்றார்.

மூன்றாவது காரணமே எனக்கு முக்கியமானது. கல்முனையைத் தெரிந்தவர்களுக்கு எங்கள் ஊரின் அமைப்புத் தெரியும். கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிய ஒரு மணற்பட்டியில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. வீட்டுச் சுவருக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் இடையில் ஆள் நுழைய இடமிருக்காது. கொழும்பிலிருந்து வரும் பெருந்தெரு கடைத்தெருவின் நடுவாகவே செல்கின்றது. பாடசாலை விடும் நேரத்தில் வான்களும் முச்சக்கரவண்டிகளும் கார்களும் என்ஜினை நிறுத்தாமல் வாசலில் காத்து நிற்கும். அந்தக் குழாய்களுக்குப் பெரியவர்களின் மூக்கைவிட முதலாம் வகுப்புப் பிள்ளையின் மூக்கே நெருக்கமானது. கடற்காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது எங்களூர்ப் பெரியவர்களின் சமாதானம். காற்று அசையாத நண்பகலில் பாடசாலை வாசலில் பத்து நிமிடம் நின்றவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள்.

நிற்க. இந்த உறுப்பு ஏன் சாகின்றது என்பதை அறியாமல் புதியதை வாங்குவது, கூரை ஒழுகும் வீட்டில் புதுப் பாய் விரிப்பது போன்றது. கொன்வேட்டர் தானாகக் கெடுவது அரிது. பிளக் பலவீனமாகி ஒரு சிலிண்டர் தீப்பற்றாமல் விட்டால், எரியாத பெற்றோல் நேராகக் கொன்வேட்டருக்குள் போய் அங்கே எரியும். வெப்பம் எல்லை மீறிப் பீங்கான் உருகும். ரிங் தேய்ந்த என்ஜின் எண்ணெய் குடித்தால், எண்ணெயிலுள்ள பொசுபரசும் நாகமும் உலோகப் பூச்சின்மேல் படிந்து அதைக் குருடாக்கும். ஹெட் கஸ்கெட் கசிந்து கூலன்ட் உள்ளே போனாலும் இதே கதிதான். இவற்றோடு எங்கள் பகுதிக்கென்றே இரண்டு காரணங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று உப்புக்காற்று, அது குழாயையும் தகட்டுறையையும் அரித்துத் தள்ளுகின்றது. மற்றது வடகீழ்ப் பருவமழை. மார்கழி வெள்ளத்தில் முழங்கால் தண்ணீருக்குள் வண்டியை விடுகின்றோம். கொதித்துக்கொண்டிருக்கும் பீங்கானில் குளிர்நீர்ச் சூடு விழுந்து அது வெடிக்கின்றது. ஆசிரியரின் காரில் கேட்ட கிலுகிலுப்பு அவ்வாறு உடைந்த துண்டுகளின் ஓசையாகவே இருக்கலாம்.

இன்னொன்றையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். அறுவடைக் காலத்தில் அம்பாறை மாவட்டத்துத் தெருக்களில் வைக்கோல் கிடக்கும். வேலை செய்யும் கொன்வேட்டரின் வெளியுறை நூற்றுக்கணக்கான பாகை சூடாக இருக்கும். பழுதடைந்து உள்ளே பெற்றோல் எரியும் கொன்வேட்டர் அதைவிடவும் சூடாகும். அதன் வெப்பத்தடுப்புத் தகடு துருப்பிடித்து விழுந்துவிட்ட வண்டியைக் காய்ந்த வைக்கோலின்மேல் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள்.

இந்த விடயத்தில் நாட்டின் வரலாறும் வேடிக்கையானது. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இயூஜின் ஹூட்ரி என்ற பொறியியலாளர், 1950களிலேயே கார்ப் புகையைச் சுத்திகரிக்கும் ஊக்கிக்காக நிறுவனம் தொடங்கிப் பாடுபட்டார். பெற்றோலில் கலக்கப்பட்ட ஈயம் அந்த உலோகங்களை நஞ்சூட்டிவிட்டதால், அவருடைய முயற்சி கார்களில் அப்போது பலிக்கவில்லை. ஈயமற்ற பெற்றோல் வந்த பின்னர்தான், 1975ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் அமெரிக்கக் கார்களில் இது பரவலாகப் பொருத்தப்பட்டது. ஜப்பான் 1978இல் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. அந்த ஜப்பானியக் கார்கள் கொன்வேட்டரோடு இலங்கைக்கு வந்து குவிந்தபோது, இங்கே பம்புகளில் ஊற்றப்பட்டது ஈயப் பெற்றோல். இலங்கை ஈயத்தைக் கைவிட்டது 2002இல்தான். அதுவரை, விலைமதிப்புள்ள உறுப்பொன்றை இறக்குமதி செய்து அதற்கு நாமே நஞ்சு கொடுத்துக்கொண்டிருந்தோம். கொன்வேட்டர் எதற்கும் உதவாத சாமான், வெட்டி எறி என்ற கராஜ் ஞானம் அந்தக் காலத்தில் பிறந்தது என்றே நான் கருதுகின்றேன். அன்று அதில் ஓரளவு உண்மை இருந்தது. ஈயம் போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஞானம் மட்டும் போகவில்லை. உலகில் கடைசியாக ஈயப் பெற்றோலைக் கைவிட்ட நாடு அல்ஜீரியா, 2021இல்.

இனி, என்ன செய்வது என்ற கேள்விக்கு வருவோம். முதல் வேலை, நோய் உண்மையிலேயே அங்குதானா என்று பார்ப்பது. ஸ்கேனரில் பி 0420 என்ற குறியீடு வந்தால் உடனே கொன்வேட்டரை மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. முன்னும் பின்னும் உள்ள இரு ஒட்சிசன் உணரிகளை ஒப்பிட்டுக் கணினி தரும் சந்தேகமே அந்தக் குறியீடு, தீர்ப்பல்ல. உணரி பழுதானாலும், குழாய் மூட்டில் காற்று கசிந்தாலும் அதுவே வரும். தவிர, ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று அக்காலத்தில் செய்யப்பட்ட கார்கள் பலவற்றில் பின் உணரியே கிடையாது. அவற்றில் கொன்வேட்டர் முழுதாகச் செத்தாலும் எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்கலாம். ஆகவே, மின்னணுவை விடப் பழைய முறைகளே இவ்வண்டிகளுக்குக் கைகொடுக்கும். முன் உணரியைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, என்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் வைத்துப் பார்க்கவேண்டும். 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் முள் ஏறினால் பாதை அடைத்திருக்கின்றது என்று கொள்ளலாம். கருவி இல்லாத கராஜில், குளிர்ந்தபின் இறப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தால் உடைந்த பீங்கான் தானே பேசும்.

ஆசிரியரின் காரில் இரண்டும் பார்க்கப்பட்டன. அடைப்பு உறுதியானது. அதற்கு முன்னதாகவே ஓர் இக்னிஷன் கொயில் செத்துக்கொண்டிருந்ததும் தெரியவந்தது. வெட்டச் சொன்ன கராஜ் அதைப் பார்க்கவில்லை. அன்று வெறுங்குழாயை ஒட்டியிருந்தால், அந்தப் பழுதும் மறைந்தபடியே கிடந்து அடுத்த ஆண்டு வேறொரு வடிவில் வந்திருக்கும்.

வாங்குவதற்கு வழி மூன்று உண்டு. முதலாவது, கார்க் கம்பனியின் முத்திரையோடு வரும் புதிய அசல் பாகம். தரத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால், இருபது வயதுக் காருக்கு அதைத்தான் போடவேண்டும் என்று வாதிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அது பல வண்டிகளுக்கு இப்போது கிடைப்பதேயில்லை. கிடைத்தாலும், அந்த விலையைக் கேட்டவர் அடுத்த நிமிடமே வெற்றுக் குழாய்க்காரனிடம் போய்விடுவார். எட்டாத நல்லதைக் காட்டி எட்டக்கூடிய நல்லதைக் கெடுக்கலாகாது.

இரண்டாவது, ஜப்பானிலிருந்து கழற்றி வரும் பழைய பாகம். பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினால் இது அகப்படும். எங்கள் பக்கத்துக் கடைக்காரர்களும் அங்கிருந்தே தருவிக்கின்றார்கள். என் அபிப்பிராயத்தில், கண்ணால் பார்த்து வாங்கத் தெரிந்தவருக்கு மட்டுமே இது பொருந்தும். டோர்ச் அடித்து உள்ளே பார்க்கவேண்டும். தேன்கூட்டுக் கண்கள் ஒழுங்காகவும் சாம்பல் நிறமாகவும் இருந்தால் நல்லது. எண்ணெய்க் கறுப்பு படிந்திருந்தால், அது எண்ணெய் குடித்த என்ஜினிலிருந்து வந்தது, வேண்டாம். கண்கள் உருகி மெழுகாகியிருந்தால் பேச்சே இல்லை. தகட்டுறையில் வெட்டி மறுபடி ஒட்டிய தழும்பு இருக்கின்றதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே இருந்ததை உருவிவிட்டு வெறும் உறையை விற்கும் வியாபாரமும் நடக்கக்கூடியதே. அமெரிக்காவில் பழைய கொன்வேட்டரை ஒவ்வொன்றாகச் சோதித்து அடையாளமிட்டால் ஒழிய விற்கமுடியாது என்று 1986லேயே விதித்துவிட்டார்கள். இங்கே சோதிப்பவர் நீங்கள்தான்.

மூன்றாவது, வேறு கம்பனிகள் செய்யும் புதிய மாற்றுப் பாகம். இதில் விலைமதிப்புள்ள உலோகம் குறைவாகவே பூசப்பட்டிருக்கும். எனவே ஆயுளும் குறைவு. அதே 1986ஆம் ஆண்டு அமெரிக்க விதி, இத்தகைய மாற்றுப் பாகம் குறைந்தது 25,000 மைல், அதாவது ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர், வேலை செய்யவேண்டும் என்கின்றது. கல்முனைக்குள்ளும் மட்டக்களப்புக்கும் போய்வரும் ஒரு குடும்பக் காருக்கு அது சில ஆண்டுகள். என்ஜின் கொள்ளளவுக்குப் பொருத்தமானதாகவும், எழுத்தில் உத்தரவாதம் தருவதாகவும் பார்த்து வாங்கினால், பெரும்பாலான பழைய கார்களுக்கு இதுவே போதுமானது என்பது என் கருத்து. எங்கே பொருத்துகின்றோம் என்பதும் கவனிக்க வேண்டியது. அசல் இருந்த இடத்தை விட்டுப் பின்னுக்குத் தள்ளி ஒட்டினால் சூடேறப் பிந்தும். சூடேறாத கொன்வேட்டர் வெறும் பாரம். எங்கள் ஊரின் குறுகிய ஓட்டங்களில் அது வேலை தொடங்குமுன் வீடு வந்துவிடும்.

ஆசிரியர் மூன்றாவதைத் தெரிவு செய்தார். கொயிலையும் பிளக்குகளையும் முதலில் மாற்றி, இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்து, அதன்பின் பொருத்தினார். செலவு, அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைச் சற்றுத் தாண்டியது. பழைய பாகத்தை விற்ற பணம் அதில் ஒரு சிறு பகுதியை ஈடுசெய்தது. விற்பதில் பிழையில்லை, அந்த உலோகம் மீட்கப்பட்டு மீண்டும் பயன்படவேண்டியதே. புதியது ஏறியபின் விற்கவேண்டும் என்பது மட்டுந்தான் என் வாதம்.

எண்ணெய் குடிக்கும் என்ஜின் உள்ளவர்களுக்கு மட்டும் வேறு ஆலோசனை. என்ஜினைச் செப்பனிடும்வரை புதிய கொன்வேட்டருக்குக் காசு கொடுக்காதீர்கள். ஓராண்டில் அதுவும் குருடாகும்.

இவ்வளவையும் தனிமனிதர்களின் தலையில் ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்வதை என்னால் ஏற்க இயலவில்லை. 2008 முதல் இந்நாட்டில் வாகனப் புகைப் பரிசோதனை நடக்கின்றது. அந்தச் சான்றிதழ் இன்றி ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், பெற்றோல் வண்டிகளில் அளக்கப்படுவது காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் மட்டுமே. அதுவும் நின்ற நிலையில். நுரையீரலை அரிக்கும் நைதரசன் ஒட்சைட்டு என்ஜின் பாரம் இழுக்கும்போதே அதிகம் பிறக்கின்றது. அந்தச் சோதனைக்கு அது கண்ணில் படாது. எல்லைகளும் கார்பரேற்றர் காலத்து என்ஜினுக்கும் இடம்விடும் அளவுக்குத் தாராளமானவை. வெற்றுக் குழாயோடு போய்ச் சான்றிதழ் வாங்கிவந்த வண்டிகள் உண்டு என்று கராஜ்காரர்கள் சொல்வதில் எனக்கு வியப்பில்லை. சட்டத்தை மதித்து ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டியவருக்கும், வெட்டி விற்றுக் காசு பார்த்தவருக்கும் ஒரே தாளில் ஒரே சான்றிதழ்.

ஐந்தாண்டுகள் புதிய வண்டிகளுக்குக் கதவை அடைத்து, பழைய வண்டிகளையே ஓட்டும்படி மக்களைப் பணித்த அரசுக்கு, அந்த வண்டிகளின் புகையைச் சுத்தமாக வைத்திருக்கும் ஒரேயொரு பாகத்தை ஆடம்பரமாகக் கருதாமல் மருந்தைப் போலக் கருதி அதன்மீதான வரிகளை நீக்கும் கடமை உண்டு. அவ்வாறு வரும் பாகங்களுக்குக் குறைந்தபட்சத் தரமும் உத்தரவாதமும் விதிக்கவேண்டும். பரிசோதனை நிலையங்களிலோ புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. நீண்ட கைப்பிடியில் பொருத்திய ஒரு கண்ணாடியை வண்டியின் அடியில் நீட்டிப் பார்த்தால், கொன்வேட்டர் இருக்கவேண்டிய இடத்தில் வெறுங்குழாய் பளபளத்துக்கொண்டிருப்பது தெரியும். அதற்கு ஒரு நிமிடங்கூட ஆகாது.